மீத்தொடுப்பு: பூ, நார், முடிச்சு

பாளையங்கோட்டையில் இருக்கும் என் டிடிபி கடைக்குப் போன மாதம் ஒரு தம்பி வந்தார். பார்வையற்றவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். ஒரு கல்லூரிக்காக நான் செய்துகொடுத்த சேர்க்கை அறிவிப்பு, ஆறு பக்க பிடிஎஃப், அவருடைய லேப்டாப்பில் இருந்தது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானில், அதாவது ஸ்கிரீன் ரீடரில், லிங்க் பட்டியலைத் திறந்து என்னைக் கேட்கச் சொன்னார். “இங்கே”, “இங்கே”, “இங்கே” என்று ஏழு முறை வந்தது. “அண்ணாச்சி, இதுல விண்ணப்பம் எந்த இங்கே?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அழுத்தினால் வேறு பக்கத்தைத் திறக்கும் ஹைப்பர்லிங்க்கைத் தமிழில் எப்படிச் சொல்வது, பிடிஎஃப்பில் எப்படிச் சரியாகப் போடுவது என்ற கேள்விகள் அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

ஹைப்பர்லிங்க் என்பதில் இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன. ‘ஹைப்பர்’ கிரேக்கச் சொல்; மேல், அப்பால் என்று பொருள். ‘லிங்க்’ பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சங்கிலியின் ஒரு வளையம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் படிக்கும்படி பிணைத்த எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-இல் அச்சில் கொண்டுவந்தவர் அமெரிக்கரான டெட் நெல்சன். மூன்று பரிமாணத்துக்கு மேல் விரியும் வெளியைக் கணிதத்தில் ‘ஹைப்பர்ஸ்பேஸ்’ என்பார்களே, அந்த விரிவுப் பொருளில்தான் அவர் ‘ஹைப்பர்’ என்பதை எடுத்தார். அதனால் ‘மிகையிணைப்பு’ என்று சிலர் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மிகை என்றால் அளவு மீறியது. ‘மீ’ என்றால் மேல். மீமிசை என்ற சொல்லில் இருக்கும் அதே மீ. அது பொருந்துகிறது.

அப்புறம் ‘லிங்க்’. சங்கிலி வளையத்துக்குத் தமிழில் ‘கண்ணி’ என்றே சொல் உண்டு. மூலப்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடையாது. ஆனால் பறவை பிடிப்பதும் கண்ணி, வெடிப்பதும் கண்ணி. நம்பி அழுத்த வேண்டிய இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘சுட்டி’யை மவுஸ் எடுத்துக்கொண்டது. ‘இணைப்பு’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அலுவலகக் கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: 2’ என்றால் கூடவே இரண்டு தாள் வருகிறது என்று பொருள், மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பும் இணைப்புதான். கண்ணால் பார்ப்பவருக்கு நீல நிறமும் அடிக்கோடும் துணை செய்யும். காதால் மட்டும் கேட்பவருக்கு இது எந்த இணைப்பு?

என் கை ‘தொடுப்பு’ பக்கம்தான் போகிறது. முழுக் கலைச்சொல்லாக வேண்டும் என்றால் மீத்தொடுப்பு, அன்றாடத்துக்குத் தொடுப்பு. எங்கள் பக்கம் “அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு” என்றால் பொருள் வேறு, அதனால் பலர் தயங்குகிறார்கள். ஒரு வம்புப் பேச்சுக்காக இவ்வளவு நல்ல சொல்லை விடக் கூடாது. தொடர், தொடை, தொடுப்பு எல்லாம் ஒரே குடும்பம். யாப்பில் எதுகையும் மோனையும் தொடைகள். மாலைக்கும் தொடை என்று பெயர்.

நெல்லையப்பர் கோயில் வாசலில் பூக் கட்டும் ஆச்சியின் விரல்களைப் பாருங்கள். இரண்டு பிச்சிப்பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்பின் மேல் வாழைநாரை ஒரு சுற்று, உள்ளே விட்டு ஓர் இழுப்பு. பூவையும் நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் சரம் ஆகாது. முடிச்சு விழ வேண்டும்.

பிடிஎஃப் உள்ளேயும் அப்படித்தான். பக்கத்தில் தெரியும் எழுத்து ஒன்று. அதன் மேல் விரித்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் இன்னொன்று. போக வேண்டிய முகவரி அந்தச் செவ்வகத்தில்தான் இருக்கிறது. 1993-இல் பிடிஎஃப் வந்தபோது எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்கும் என்பதுதான் அதன் கவலை. இது தலைப்பு, இது பத்தி, இது தொடுப்பு என்று சொல்லும் குறியிட்ட பிடிஎஃப் 2001-இல் 1.4 பதிப்போடு வந்தது. அந்தக் குறிகளின் மரத்தில் ‘லிங்க்’ என்று ஒரு குறி. அதற்குள் எழுத்தும் இருக்க வேண்டும், செவ்வகத்தைக் காட்டும் சுட்டும் இருக்க வேண்டும். அதுதான் முடிச்சு. சுட்டு விட்டுப்போனால் திரைவாசிப்பான் எழுத்தை வெறும் எழுத்தாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடும்.

என் கோப்பில் அதுவும் நடந்திருந்தது. நான்காம் பக்கத்தில் இரண்டு இணைய முகவரிகளை அப்படியே தட்டியிருந்தேன். என் கணினியில் சொடுக்கினால் திறந்தன. தம்பியின் பட்டியலில் அவை இல்லவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. முகவரி போலத் தெரியும் எழுத்தைப் பிடிஎஃப் திறக்கும் மென்பொருளே ஊகித்துச் சொடுக்க விடுகிறது. கோப்பில் செவ்வகமும் இல்லை, குறியும் இல்லை. சொடுக்கிப் பார்த்துச் சரி என்று சொல்லும் நம்மைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

வேர்டில் செய்பவர்களுக்கு வழி எளிது. பொருள் சொல்லும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் கே அழுத்தி, முகவரியைக் கொடுங்கள். ‘இங்கே’ வேண்டாம், ‘விடுதி விண்ணப்பப் படிவம்’ என்று இருக்கட்டும். பிறகு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் விருப்பம் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் பூ மட்டும் மிஞ்சும், நாரும் முடிச்சும் போய்விடும். ஆவண மொழி தமிழ் என்று குறித்திருக்க வேண்டும். எழுத்து யூனிகோடாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், காதில் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய, அதாவது அணுகத்தக்க, பிடிஎஃப்புக்கான ஐஎஸ்ஓ 14289 தரம் 2012-இல் வந்தது. செவ்வகத்துக்குள்ளும் ஒரு மாற்று விவரம் எழுதியிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்த விவரத்துக்குத் தமிழில் ‘மாற்றுரை’ என்ற பெயர் போதும்.

திருத்திய கோப்பை முந்தாநாள் தம்பிக்கு அனுப்பினேன். “ஏழும் பேர் சொல்லுது அண்ணாச்சி, ஆனா சாதிச் சான்றிதழ் மட்டும் ரெண்டா வருது” என்றார். அந்தத் தொடுப்பு இரண்டு வரிகளில் மடிந்திருக்கிறது, ஒரே குறிக்குள் வர வேண்டியது இரண்டு குறிகளாகிவிட்டது. இன்று ராத்திரி கடை அடைத்த பிறகு அதைச் சேர்க்க வேண்டும்.