பின்வீச்சு: ‘மிகைத்திருப்பம்’ ஏன் பிழை

ஏப்ரல் மாத நுவரெலியா வசந்த காலம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்து வேன்காரர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். “சேர், இதுல என்னா சொல்றாங்கனு கொஞ்சம் பாருங்களேன்” என்றார். வீதிப் பாதுகாப்பு பற்றியது. மழைக்காலச் சாரதிகளுக்கு என்று தலைப்புப் போட்டு, நடுவில் தடித்த எழுத்தில் இப்படி ஒரு வரி: ‘ஈரமான வீதிகளில் மிகைத்திருப்பம் ஏற்படுவதைத் தவிர்த்துக்கொள்ளவும்.’

என்ன விளங்கியது என்று அவரையே கேட்டேன். “ஸ்டேரிங்க அளவுக்கு மீறித் திருப்பக் கூடாதுங்கிறாங்க. நான் அளவாதானே திருப்புறேன். அப்புறம் இது எனக்கில்ல” என்று தாளை மடித்துவிட்டார். முந்தின மழைக்காலத்தில் கினிகத்தேனைக்கு இறங்கும் முடக்கு ஒன்றில் இதே மனிதரின் வேன் பின்பக்கம் வீசிப்போய், பள்ளத்துப் பக்கத்துத் தடுப்புக் கல்லில் தட்டி நின்றது. அந்தத் தாளில் இருந்தது அவருக்கு வேண்டிய எச்சரிக்கைதான். ஒரு சொல் கெட்டதால் அது அவரைப் போய்ச் சேரவில்லை.

‘மிகைத்திருப்பம்’ என்பதைக் கடந்த சில வருடங்களாக அடிக்கடி கேட்கிறேன். வாகன அறிமுகக் காணொளிகளில் வருகிறது, சாரதிப் பயிற்சிக் குறிப்புகளில் வருகிறது. சில இடங்களில் ‘அதிகத் திருப்பல்’ என்று இருக்கும். எல்லாம் ஓவர்ஸ்டியர் என்ற ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு. ஓவர் என்றால் மிகை, ஸ்டியர் என்றால் திருப்பு, ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முடக்கில் திரும்பும்போது காரின் பின்டயர்கள் முன்டயர்களைவிட அதிகமாகப் பிடியை இழந்து, பின்பகுதி முடக்கின் வெளிப்பக்கமாகத் தள்ளிப்போவதுதான் ஓவர்ஸ்டியர். பின்னால் வெளியே போகப் போக முன்மூக்கு உள்பக்கமாக மடங்கும். சாரதி கேட்டதைவிடக் கார் கூடுதலாகத் திரும்பிவிடும். அந்த ‘கூடுதல்’தான் ஆங்கிலத்தின் ஓவர்.

ஸ்டியர் என்பது கப்பலிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொல், சுக்கான் பிடிப்பது என்று பொருள். காரின் இந்த நடத்தைக்கு ஓவர்ஸ்டியர், இதற்கு நேர்மாறானதற்கு அண்டர்ஸ்டியர் என்ற வழக்கு 1930களில் மோரிஸ் ஒல்லி என்ற பொறியியலாளரின் ஆய்வுகளோடு பரவியது. ரோல்ஸ் ரொய்ஸில் இருந்து ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போனவர் அவர். பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

ஒல்லியின் சொல்லில் திருப்புவது கார். ‘மிகைத்திருப்பம்’ என்று தமிழில் படித்தால் திருப்புகிறவர் சாரதி. திரும்புதல் வேறு, திருப்புதல் வேறு. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. ‘திருப்பம்’ என்ற பெயர் இரண்டிலிருந்தும் வரலாம் என்று வாதாடலாம், ஆனால் ஸ்டேரிங் கையில் இருக்கிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு எங்கள் வேன்காரரே சாட்சி. நேற்றுப் பிறந்த சொல்லுக்கு அகராதியின் பாதுகாப்பு கிடையாது, முதல் வாசிப்பில் என்ன தோன்றுகிறதோ அதுதான் அதன் பொருள்.

இந்த ஏப்ரலில் நானுஓயாவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றபோது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தூறல் தொடங்கிக் கால் மணித்தியாலம் இருக்கும். தார் மினுங்கியது. கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த பெரிய கார், பின்சில்லுகளை இயக்கும் வகை, நல்ல பலமான இயந்திரம். இடது முடக்கில் பாதி திரும்பியதுமே சாரதி எக்ஸலேட்டரை அழுத்தினார். முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. இயந்திரச் சத்தம் கிடுகிடுவென்று ஏறியது, காரின் வேகம் ஏறவில்லை. அடுத்த கணம் அதன் பின்விளக்குகள் வீதியின் வலப்பக்கமாக வழிந்து வந்தன. கதவு தெரிய வேண்டிய இடத்தில் பின் இலக்கத்தகடு தெரிந்தது. சாரதி கெட்டிக்காரர், ஸ்டேரிங்கை உடனே வலப்பக்கம் ஒடித்தார். காரின் மூக்கு இடப்பக்கம் பார்க்கிறது, முன்சில்லுகள் இரண்டும் வலப்பக்கம் பார்க்கின்றன.

அந்த நிமிடத்துக்குப் பெயர் மிகைத்திருப்பமாம். சில்லுகளே எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்போது எங்கே இருக்கிறது மிகை? அவர் திருப்பியது முடக்குக்கு வேண்டிய அளவுதான், தவறு செய்தது வலது கால். எக்ஸலேட்டர் மிதி என்ற ஒன்று இருப்பதையே அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. ‘அளவுக்கு மீறித் திருப்பாதே’ என்பதை மனதில் வாங்கிக்கொண்ட ஒருவர், பின்பக்கம் வீசும்போது முடக்குக்கு எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தயங்கினால் அவர் நேரே பள்ளத்துக்குப் போவார். மொழிபெயர்த்தவர் நம் ரம்பொடை முடக்குகளை ஒரு மழைநாளில் பார்த்திருந்தால் இந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார்.

காரணம் இதுதான். ஈரத்தில் டயரின் பிடி ஒரு நாள் சம்பளம் மாதிரி. இருக்கிற அந்தத் தொகைக்குள்தான் அரிசியும் வாங்க வேண்டும், பிள்ளையின் கொப்பியும் வாங்க வேண்டும். முடக்கில் காரைப் பாதையோடு பிடித்து வைப்பதற்கு ஒரு பங்கு செலவாகிறது. அதே டயரிடம் ‘முன்னே தள்ளு’ என்றும் கேட்டால் அதற்கொரு பங்கு. இரண்டும் சேர்ந்து இருப்பை மிஞ்சினால் டயர் வழுக்கும். முன்சில்லு இழுக்கும் காரில் இந்த இரட்டைச் செலவு முன்டயர்களுக்கு வருவதால் முன்பக்கம் வழுக்கும். பின்சில்லு தள்ளும் காரில் அது பின்டயர்களின் தலையில் விழுகிறது. இயந்திரம் பலமானதாக இருந்தால் காலை ஒரு விரல் அளவு கூட்டி அழுத்தினாலே போதும். முடக்கின் நடுவில் பயந்து திடீரென்று காலை எடுத்தாலும் இதே கதைதான், பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்டயர்கள் இலேசாகிவிடும்.

நம் வேன்காரருக்கு நடந்தது இன்னொரு விதம். இறக்கத்தில் ‘கியர் பிரேக்’ போடுவது, அதாவது கியரை இறக்கி இயந்திரத்தாலேயே வேகத்தைத் தடுப்பது, மலையகச் சாரதிகளின் நல்ல பழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் பின்சில்லு வேனில் அந்தத் தடுப்பு முழுவதும் பின்டயர்களுக்கு மட்டுமே போகிறது. ஆளில்லாத வெறும் வேன், இயந்திரம் முன் ஆசனத்துக்கு அடியில், பின்னால் பாரம் இல்லை. ஈர முடக்கில் இரண்டாவது கியரிலிருந்து முதலாவதுக்குச் சடாரென்று இறக்கினால் பின்டயர்கள் ஒரு கணம் இழுபடும், அவ்வளவுதான், பின்பக்கம் போய்விடும். லொறியின் தாங்கியிலிருந்து சிந்திய டீசல், மண்மேட்டிலிருந்து கரைந்து வந்த சேறு, வெயில் படாத இடத்துப் பாசி இதில் ஏதாவது அங்கே இருந்தால் கேட்கவே வேண்டாம். இவர் எதை மிகையாகத் திருப்பினார்?

பத்திரிகைகளிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்து பாதையை விட்டு விலகி’ என்று எழுதாத விபத்துச் செய்தி நம் நாட்டில் உண்டா? சிங்களச் செய்தியில் ‘வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல்’ என்ற பொருளில் வருகிற தொடர் அப்படியே பெயர்ந்து நிலைத்துவிட்டது. ரதல்ல குறுக்குப் பாதையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன பஸ்ஸுக்கும் அதே தொடர், பொகவந்தலாவைப் பக்கம் சேற்றில் மெதுவாகப் போய் வழுக்கிய ஆட்டோவுக்கும் அதே தொடர். முதலாவதில் வேகம் மெய்யாகவே கைமீறியது, இரண்டாவதில் வேகமே இல்லை, பிடிதான் போனது. தமிழ் 1987இல் அரசகரும மொழியானது. ஆனால் இன்னும் நமக்கு வருவதில் பெரும்பகுதி பெயர்த்த தமிழ்தான். பெயர்க்கிறவர் பொருளைப் பார்க்காமல் பக்கத்துத் தாளை மட்டும் பார்த்தால், விபத்து எப்படி நடந்தது என்பதே நம் மொழியில் பதிவாகாமல் போகிறது.

‘தடம்புரண்டது’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரயிலுக்கு உரிய சொல். நானுஓயாவில் ரயில் தடம்புரளும், கார் புரளாது, காருக்குத் தண்டவாளம் இல்லை.

‘சறுக்கல்’ என்று சிலர் சொல்கிறார்கள். மிகைத்திருப்பத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எந்தப் பக்கம் சறுக்கியது, முன்னா பின்னா என்று சொல்லாது. நான்கு சில்லும் ஒன்றாகப் போனாலும் சறுக்கல்தான். ‘வழுக்கல்’ என்பதற்கும் இதே குறை. வழுக்கல் நிலத்தின் குணம், கார் செய்வது அதன் விளைவு. இந்தப் பொருளுக்குத் தமிழில் இன்னொரு பழைய சொல் உண்டு. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்கிறது குறள். இழுக்கல் என்றால் வழுக்குகிற சேற்றுநிலம். வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல் எப்படியோ அப்படி உதவுமாம் ஒழுக்கமுடையார் சொல். ‘இழுக்கு’ என்றால் குற்றம் என்று மட்டுமே நமக்கு இன்று தெரியும், கால் வழுக்குவதும் அதில் இருந்தது. மழைக்காலத்தில் வீதியோரம் நடும் மஞ்சள் பலகையில் ‘இழுக்கல்’ என்று எழுதச் சொல்லவில்லை, எவருக்கும் விளங்காது. அங்கே ‘வழுக்கும்’ என்று எழுதினால் போதும். வழுக்குவதற்கு ஈராயிரம் வருடமாகச் சொல் வைத்திருக்கிற மொழிக்கு மிகைத்திருப்பம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

சரி, எந்தச் சொல்? அதைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. ஹட்டன் தரிப்பிடத்தில் நிற்கிற சாரதிகள் ‘பின்னால வீசிருச்சி’ என்கிறார்கள். ‘பேக்க தூக்கி வீசுது’ என்பார் ஒருவர், ‘வால் வீசுது’ என்பார் இன்னொருவர். எல்லோர் வாயிலும் பொதுவாக இருப்பது வீசுதல். கை வீசுகிறோம், வலை வீசுகிறோம், வீச்சரிவாள் என்கிறோம். ஒரு முனை ஓரிடத்தில் நிற்க, மறுமுனை வில்லாக வளைந்து போகிற அசைவு அது. காரின் பின்பகுதி செய்வதும் அதையேதான். ஆகவே பின்வீச்சு. ‘வால்வீச்சு’ இன்னும் உயிருள்ள சொல், எனக்குப் பிடிக்கும், ஆனால் பாடநூலுக்குள் நுழைய விடமாட்டார்கள். ‘கார் பின்வீசியது’ என்று வினையாகவும் வரும். ‘பின்வீச்சின் பக்கமே திருப்பு’ என்று பயிற்சியில் சொல்லலாம். ‘மிகைத்திருப்பத்தின் பக்கமே திருப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவருக்குத் தலை சுற்றும்.

அண்டர்ஸ்டியருக்கு இப்போது ‘குறைத்திருப்பம்’ என்று எழுதுகிறார்கள். அதுவும் அதே கொடுமை. ஸ்டேரிங்கை எவ்வளவு திருப்பியும் முன்பக்கம் கேளாமல் நேரே போவது அது. குறைவாகத் திருப்பிவிட்டோமாக்கும் என்று நினைத்து இன்னும் ஒடித்தால் நிலைமை மோசமாகும். முன்விலகல் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

புதுச்சொல் கட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டுப் பௌதிகவியல் பாடநூலில் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று இரண்டு சொற்கள் உண்டு. வேகம் கூடுவது ஒன்று, குறைவது மற்றது. அவற்றை ஆக்கியவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பிளந்து ஒட்டவில்லை, முடுகுதல் என்ற நல்ல தமிழ் வினையை எடுத்து, அது நிறைவதையும் அடங்குவதையும் முன்னொட்டால் பிரித்தார்கள். திணிவு என்ற சொல்லும் அப்படித்தான், கையில் எடுத்துப் பார்த்தவர் வைத்த பெயர். அந்தத் தலைமுறையின் கவனம் எங்கே போனது என்பதுதான் என் கவலை. எந்தச் சொல்லை எடுத்தாலும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு வருவதை அப்படியே அச்சடிக்கிறார்கள். ஒரு சாரதியிடம் வாசித்துக் காட்டி ‘என்ன விளங்குது?’ என்று கேட்க ஐந்து நிமிடம் போகாது.

நானுஓயாக் கார் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டேன். சாரதி வலப்பக்கம் ஒடித்ததும் பின்பக்கம் வெளியே போவது நின்றது. அங்கேயே ஸ்டேரிங்கை நேராக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் ஒடித்தபடியே பிடித்துக்கொண்டிருந்தார். எக்ஸலேட்டரிலிருந்து காலையும் எடுத்துவிட்டார் போலும், டயர்கள் சட்டென்று பிடித்தன. முன்சில்லுகள் பார்த்துக்கொண்டிருந்த வலப்பக்கமே கார் பாய்ந்தது, பின்பக்கம் இம்முறை இடது புறமாக வீசியது. எதிரே வாகனம் எதுவும் வரவில்லை. வலது கரை மண்மேட்டில் மூக்கு புதைந்து நின்றது. இறங்கியவருக்குக் கீறல்கூட இல்லை, கை மட்டும் நடுங்கியது. கடைக்காரர் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது வீச்சு வந்தது, தேவைக்கு மேல், தேவையான நேரத்துக்கும் மேல் ஸ்டேரிங்கைத் திருப்பி வைத்திருந்ததால். அதற்குப் பெயர் வேண்டுமானால் மிகைத்திருப்பம் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது.

வேன்காரர் கொண்டுவந்த தாளில் அந்த வரியைப் பேனாவால் வெட்டி, மேலே எழுதிக் கொடுத்தேன்: ‘மழையில் முடக்கில் வண்டி பின்வீசும். நடு முடக்கில் கியரை இறக்காதே, எக்ஸலேட்டரைச் சடாரென்று அழுத்தாதே, சடாரென்று காலை எடுக்கவும் எடுக்காதே. வீசினால் வீசுகிற பக்கமே ஸ்டேரிங்கைத் திருப்பு, வண்டி நேராக நேராக நீயும் நேராக்கு.’ வாசித்துவிட்டு, “இது எனக்குத்தான் சேர்” என்று மடித்து வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டார்.