ஹேமக் என்றால் ஊஞ்சல் இல்லை

ஹேமக் என்பது இரண்டு முனையையும் எதிரெதிரே கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் வலை அல்லது துணி. மரமே இல்லாத வெட்டவெளியில் அதைக் கட்டிப் படுக்க வேண்டும் என்று, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன ட்ரெய்லர் ஒன்றைக் கம்பம் வைத்துத் தாங்களே செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதைப் பற்றித் தமிழில் வருகிறவற்றில் எல்லாம் "ட்ரெய்லரில் ஊஞ்சல் பொருத்துவது எப்படி" என்றே எழுதித் தொலைக்கிறார்கள். ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்போது ஊஞ்சல்தான் ஹேமக்குக்குத் தமிழ் என்று நிலைத்தே போய்விடும் போலிருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் 'ஹமாக்கா' என்ற சொல்தான் மூலம். 1492 இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியபோது வலையைக் கட்டி அதில் ஆட்கள் உறங்குவதைக் குறித்துவைத்தார். அப்புறம் ஸ்பானிய மொழி வழியாகச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது, கப்பல்களில் ஏறியது, ஆங்கிலத்தில் ஹேமக் ஆனது. டச்சுக்காரர்களோ அந்த ஒலியைக் கொஞ்சம் திருகி 'ஹங்மட்' என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் தொங்கும் பாய் என்று பொருள். ஒலியும் போகவில்லை, பொருளும் கிடைத்துவிட்டது. கெட்டிக்காரர்கள்.

சரி, ஊஞ்சலுக்கு வருவோம். ஊஞ்சல் ஆடுவதற்கு. பழைய வடிவம் ஊசல். கடிகாரத்தின் ஊசலும் அதுதான், ஊசலாடும் மனசும் அதுதான். அந்தச் சொல்லின் உயிரே முன்னும் பின்னும் போய்வருவதில் இருக்கிறது. ஹேமக்கில் ஆட்டம் தற்செயல், படுப்பதுதான் வேலை. இதையாவது ரசனை வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க முடியாதது கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது.

ஊஞ்சலின் கயிறு உத்தரத்திலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது. 90 கிலோ ஆள் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் 45, 45 கிலோ, அதுவும் செங்குத்தாக. ஹேமக் அப்படி இல்லை. தலைமாடு ஒரு கம்பத்தில், கால்மாடு எதிர்க் கம்பத்தில், நடுவில் தொய்வு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்கும்படி கட்டுவதுதான் வழக்கம். அப்போது அதே 90 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் முழுசாக 90 கிலோ இழுவை வருகிறது, அதில் கிட்டத்தட்ட 78 கிலோ கம்பத்தை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. விறைப்பாக இருந்தால் சுகமாக இருக்கும் என்று நினைத்து 15 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் ஒரு பக்கத்துக்கு 174 கிலோ. ஊஞ்சல் என்று படித்துவிட்டு ஒருவர் ட்ரெய்லர் தரையில் இரண்டு இரும்புக் குழாயை நிற்கவைத்துப் பற்றவைத்தார் என்று வையுங்கள். 1.8 மீட்டர் உயரத்தில் 78 கிலோ பக்கவாட்டில் இழுத்தால் அந்தப் பற்றவைப்பின் மேல் என்ன முறுக்கு விழும்? கிடையாக நீட்டிய ஒரு மீட்டர் கடப்பாரையின் நுனியில் 140 கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. இது மெதுவாகப் படுத்தால். தொப்பென்று விழுந்தால் இன்னும் கூடும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கம்பங்களின் உச்சியை ஒரு சட்டத்தால் இணைத்துவிடுகிறார்கள். உள்பக்க இழுவை முழுவதையும் அந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும், கம்பத்தின் அடிக்கு வெறும் எடைதான் போகும். 8 அடி நீளத் தரை ஒரு ஹேமக்குக்குப் பத்தாது என்பதால் ஒரு கம்பத்தை, காரோடு பூட்ட முன்னால் நீளும் இழுதண்டின் மேல் நிறுத்துவார்கள். காரைக் கழற்றிய பிறகு ட்ரெய்லர் குடைசாயாமல் இருக்க நான்கு மூலையிலும் ஜாக்கி. இதில் எதுவுமே 'ஊஞ்சல்' என்ற சொல்லிலிருந்து யாருக்கும் தோன்றப்போவதில்லை. சொல் தப்பாக இருந்தால் படமும் தப்பாகத்தான் மனசில் விழும்.

"அப்படியானால் தூளி இருக்கிறதே, ஏணை இருக்கிறதே" என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். இரண்டும் அருமையான சொற்கள், துணியில் படுக்கவைப்பது வரை சரியாகவும் பொருந்துகின்றன. ஆனால் தூளியில் துணியின் இரண்டு முனையும் மேலே ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது, பிள்ளை அதில் சுருண்டு கிடக்கிறது. வளர்ந்த ஆள் குறுக்குச் சாய்வாகக் கால் நீட்டிப் படுக்கும் படுக்கைக்கு அந்தப் பெயரை வைத்தால் கேலிதான் மிஞ்சும். தூங்குமஞ்சம் என்று பழைய சொல் ஒன்று உண்டு. அழகுதான், ஆனால் மஞ்சம் என்றால் கட்டில். சட்டம் போட்ட கட்டிலைத் தொங்கவிடுவது வேறு சமாச்சாரம். 'தொங்கு படுக்கை' தப்பில்லை, உயிரில்லை. அகராதிப் பக்கத்தைத் தாண்டி யார் வாயிலும் அது வந்து நான் கேட்டதில்லை.

என் கட்சி தூங்கணை. தூங்கு என்ற வினைக்கு மூத்த பொருளே தொங்குவது, அசைவது. உறக்கம் பிறகு வந்து ஒட்டியது. மரக்கிளையில் கூடு தொங்கவிடும் குருவியைச் சங்கப் பாட்டு தூங்கணங்குரீஇ என்கிறது. அசைந்து அசைந்து நிற்கும் யானைக்குத் தூங்கல் என்றே ஒரு பெயர். அணை என்றால் படுக்கை: பஞ்சணை, மலரணை, பெருமாள் பள்ளிகொள்ளும் அரவணை. ஆக தொங்குவதும் தூங்குவதும் படுக்கையும் நாலே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. டச்சுக்காரர்கள் ஒலியைத் திருகிப் பெற்றது நமக்கு நம் வினைச்சொல்லிலேயே சும்மா கிடக்கிறது. அணை என்றதும் நீர்த்தேக்கம்தானே ஞாபகம் வரும் என்றால், பஞ்சணை என்றதும் யாரும் பஞ்சால் கட்டிய மேட்டூரை நினைப்பதில்லை. இது பிடிக்கவில்லையா, ஹேமக் என்றே எழுதுங்கள். இரவல் சொல் யாரையும் ஏமாற்றாது. தப்பான தமிழ்ச்சொல் ஏமாற்றும்.

ஊஞ்சலோடு நிற்கிறதா என்றால் இல்லை. ட்ரெய்லரை எந்திரம் 'முன்னோட்டம்' என்று மொழிபெயர்க்கிறது, மனிதர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்காமலே போட்டுவிடுகிறார். பிறகு முன்னோட்டத்துக்கு இரண்டு சக்கரம் மாட்டச் சொல்லி ஒரு வாக்கியம் வருகிறது. 'இழுவை வண்டி' என்று எழுதுகிறவர்கள் பரவாயில்லை, ஆனால் இழுப்பது எது, இழுபடுவது எது என்று அதில் தெரியாது. பின்னிழுவண்டி என்றால் தெரியும். ஹேமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே தொய்வை அளவாக வைக்கக் கட்டும் கயிற்றுக்கு ரிட்ஜ்லைன் என்று பெயர், ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீதம் இருக்கும். அதை 'மலைமுகடு' என்று போட்டிருந்தார் ஒருவர். கூரை முகடு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முகட்டுக் கயிறு என்று எழுத ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்திருந்தாலே போதும்.