பூட்டும் இல்லை, சாவியும் இல்லை

"இன்று நாங்கள் 29 பூட்டுகளைக் கடந்தோம்."

தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்துக் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராக நகரும் ஒரு தம்பதியின் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் தமிழ் வரிகள். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, 29 பூட்டுன்னா சாவிக்கொத்து எவ்வளவு பெரிசா இருக்கும்?"

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. பூட்டு என்றால் சாவி உண்டு. ஆங்கிலத்தில் 'லாக்' என்று காதில் விழுந்ததை அப்படியே 'பூட்டு' என்று எழுதியவருக்குத்தான் இந்தக் கேள்வி வரவில்லை. இந்தப் 'பூட்டை' நான் பார்ப்பது இது முதல் தடவையும் அல்ல. மேற்கு வங்கத்தில் கங்கைமேல் இருக்கும் ஃபராக்கா அணையில் கப்பல்கள் கடக்கும் நேவிகேஷன் லாக்கை ஒரு தமிழ்க் குறிப்பில் 'வழிசெலுத்தல் பூட்டு' என்று படித்திருக்கிறேன். இரண்டு சொல்லும் தமிழ், சேர்ந்தால் எதுவுமே இல்லை.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். கால்வாய்த் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், நிலம் மேடு பள்ளமாக இருக்கும். மேட்டில் ஒரு மட்டம், பள்ளத்தில் ஒரு மட்டம் என்று கால்வாயைத் துண்டு துண்டாக நிறுத்தி, இரண்டு மட்டங்களுக்கு நடுவே கல்லால் ஒரு தொட்டி கட்டுகிறார்கள். தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு கதவு, கீழ்ப்பக்கம் ஒரு கதவு. கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துகிறார்கள். மேல்கதவருகே இருக்கும் சிறு பலகையைத் தூக்கினால் மேட்டுத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்குகிறது, படகு மெல்ல மிதந்து எழுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் மேல்கதவு அசைந்து கொடுக்கும். காணொளியில் அந்த அம்மாள், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் செங்கல் வரியில் ஊன்றி, பின்னாலேயே நடந்து தள்ளுகிறார். கதவு முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரு விரல் இடைவெளி, பிறகு தானாகவே போகிறது. இதில் யாரும் எதையும் பூட்டவில்லை.

டிவைஸஸ் என்ற ஊரருகே இப்படி 29 தொட்டிகள். 2 மைல் தூரத்தில் 237 அடி ஏற்றம். ஒரு பகல் அதிலேயே போய்விடும். மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, நிரந்தரப் படகுத்துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டிவைக்கவும் கூடாது என்று விதி. கூரையில் சூரியத் தகடு, உள்ளே விறகடுப்பு, ஒரு குடிநீர்த் தொட்டி, ஏழடி அகலத்தில் முழு வாழ்க்கை. அத்தைக்கு அந்த ஏழடிதான் பிடித்திருந்தது. கரோல் பாக்கில் முதலில் குடியிருந்த அறை அதைவிடச் சின்னது என்றார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'லாக்' பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளையும் குறித்தது, அடைக்கப்பட்ட இடத்தையும் குறித்தது. ஆற்றில் போட்ட தடுப்புக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு தொட்டிக்கும் நின்றது. இதே தொட்டிக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'எக்லூஸ்' லத்தீனில் 'வெளியே நிறுத்தி அடைத்தது' என்ற சொல்லிலிருந்து வந்தது. எல்லா இடத்திலும் கரு ஒன்றுதான், அடைப்பு.

தமிழ்ப் 'பூட்டு'க்கு அந்தக் கருவே கிடையாது. காண் காட்டு ஆவதுபோல, உண் ஊட்டு ஆவதுபோல, பூண் என்பது பூட்டு ஆகிறது. பூணச் செய்வதே பூட்டுவது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். எல்லாம் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து மாட்டுவது. கதவில் மாட்டும் பூட்டும் அந்த வழியில் வந்ததுதான். ஆங்கிலச் சொல் கதவிலிருந்து தண்ணீருக்குப் போனதால் தமிழ்ச் சொல்லும் போயாக வேண்டும் என்று யார் சொன்னது? 2020இல் லாக்டவுன் வந்தபோது யாரும் 'கீழ்ப்பூட்டு' என்று எழுதவில்லை. ஊரடங்கு என்றோம், பொதுமுடக்கம் என்றோம், நாடு முழுக்கப் புரிந்தது. காவல் நிலைய லாக்கப்பை 'மேற்பூட்டு' என்று எழுதவும் எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. கால்வாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

இதை எங்கள் வட்டத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். ஓய்வுபெற்றவர், தனித்தமிழ்க்காரர். மறுநாளே ஒரு சொல்லோடு வந்தார்: 'கலனேற்றி'. கலத்தை ஏற்றுவதால் கலனேற்றி. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் சிக்கலே. இந்தத் தொட்டி எதையும் ஏற்றுவதில்லை. ஏறுவது தண்ணீர், அதன்மேல் படகு சும்மா மிதக்கிறது. இதே தொட்டியில்தான் படகு இறங்கவும் செய்கிறது, அப்போது அதைக் கலனிறக்கி என்போமா? இன்னொன்று, படகை நிஜமாகவே தூக்கும் இயந்திரம் தனியாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் சக்கரம் என்று ஒன்று, 2002இல் திறந்தார்கள். ராட்டினம்போல் சுழன்று, தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துப் படகை 24 மீட்டர் தூக்குகிறது. கலனேற்றி என்ற பெயர் அதற்கல்லவா பொருந்தும்? இதற்கு வைத்துவிட்டால் அதற்கு எங்கே போவது? நண்பர் 'பெருங்கலனேற்றி' என்றார். பேச்சை அன்று அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் 'நீர்ப்படி'. இதில் கருத்து சரி, தண்ணீரில் படியேறுவதுதான் இது. ஆனால் படி என்றால் நமக்கு அளவையும்தான். நீர்ப்படி என்றதும் அத்தைக்கு நெல் அளக்கும் படியில் தண்ணீர் மொண்டு வைத்ததுபோல் தோன்றும். 'மதகு' என்பவர்களும் உண்டு. மதகு நல்ல சொல், ஆனால் அது ஏரிக்கரையில் தண்ணீர் வெளியேறும் வழி. அதன் வழியே படகு போகாது.

நான் சொல்வது 'படிமடை'. தலைமடை, கடைமடை என்று தஞ்சாவூர்க்காரர் தினமும் சொல்கிறார். காவிரி கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று செய்தித்தாளில் வருடா வருடம் படிக்கிறோம். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நமக்குப் புதிதல்ல. படிப்படியாக அமைந்த மடை, படிமடை. வரிசையாக 29 இருந்தால் படிமடை வரிசை. அகராதியைப் புரட்டாமலே பாதி புரிந்துவிடும், மீதியைப் படம் சொல்லிவிடும். அதுவும் வேண்டாமென்றால் 'லாக்கு' என்றே எழுதுங்கள், எனக்கு மனத்தாங்கல் இல்லை. கோதாவரிக் கரையில் தெலுங்கர்கள் 'லாகுலு' என்கிறார்கள். காக்கிநாடாவிலிருந்து சென்னையைத் தாண்டித் தெற்கே போகும் பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் படகில் வந்த நாட்களில் அதிலும் லாக்குகள் இருந்தன. படகோட்டியின் வாயில் தேய்ந்த கடன்சொல் பூட்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. நானும் அந்த வேலை பார்த்தவன்தான். படம் வராது, வரிகள் மட்டும் கட்டம் கட்டமாக வரும், சொல்லுக்கு இத்தனை பைசா. ஆனாலும் முன்வரியைப் பின்வரியோடு சேர்த்துப் படிக்கக் காசு கேட்பதில்லையே. இதே காணொளியில் இரண்டு லாக்குகளுக்கு இடைப்பட்ட கால்வாய்த் துண்டை ஆங்கிலத்தில் 'பவுண்ட்' என்கிறார்கள். தமிழ் வரி: 'பவுண்டு காலியாகிவிட்டது.' படத்தில் படகு சேற்றில் தரைதட்டிக் கிடக்கிறது. அத்தை, பாவம், கையில் காசில்லை போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டினார்.

'இன்லேண்ட் வாட்டர்வே'க்கு வைத்த 'உள்நாட்டு நீர்வழி' என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை. இது அரசு வழக்கில் ஊறிவிட்டது, மாறாது, தெரியும். ஆனால் உள்நாட்டு என்றால் எல்லை தாண்டாதது என்றல்லவா பொருள்? 2023 ஜனவரியில் வாராணசியில் கிளம்பிய கங்கா விலாஸ் என்ற சொகுசுக் கப்பல் 51 நாளில் சுமார் 3,200 கிலோமீட்டர் ஊர்ந்து அசாமின் திப்ருகருக்குப் போனது. போன வழியில் வங்கதேசம் முழுசாக இருந்தது. கடலுக்கு எதிர்ப்பதம் நிலம், வெளிநாடு அல்ல. உள்நில நீர்வழி என்று முதலிலேயே வைத்திருக்கலாம்.

போன மாதம் அத்தையை ஓக்லாவுக்கு அழைத்துப்போய் ஆக்ரா கால்வாய் தொடங்கும் இடத்தைக் காட்டினேன். 1874இல் திறந்தது. 1904 வரை மதுரா, ஆக்ரா பக்கம் படகுப் போக்குவரத்தும் இருந்தது. அணைக்குக் கீழே யமுனையில் சோப்பு நுரை மிதந்துகொண்டிருந்தது. மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "இதுலயா படகு போச்சு?" என்றார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஷட்டரைப் பார்த்ததும் கையை நீட்டினார். "இது மதகுதானே?"

மதகுதான். அங்கேதான் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. லாக்கின் கதவருகே தூக்குகிற சிறு பலகைக்கு ஆங்கிலத்தில் 'பேடில்' என்று பெயர். தமிழ் வரியில் 'அவள் துடுப்பை உயர்த்தினாள்' என்று வருகிறது. அந்த அம்மாள் கையில் துடுப்பே கிடையாது, வளைந்த ஓர் இரும்புக் கைப்பிடிதான் இருக்கிறது. படகு ஓடுவதோ டீசலில். தண்ணீரை உள்ளே விடுகிற அந்தச் சின்ன வழிதான் மதகு, அவர் தூக்குவது மதகுப் பலகை.