சிப்பாய் இடக்கையரா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) காலத்துப் பென்சில் படம் ஒன்று கிடைத்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் இடுப்பைப் பார்க்கச் சொல்வேன்.

வட மாநிலப் படையின் காலாள் வீரருக்குத் தோட்டாப் பெட்டி வலது இடுப்பில், துப்பாக்கிமுனையில் செருகும் பயனெட்டின் உறை இடது இடுப்பில். படத்தில் இவை இடம் மாறியிருந்தால் அவரை இடக்கையர் என்று சொல்லிவிட வேண்டாம். ஓவியர் வரைந்தது ஆளைப் பார்த்து அல்ல, டின்டைப் புகைப்படத்தைப் பார்த்து என்றே பெரும்பாலும் பொருள்.

டின்டைப் என்பது கருப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலும் வெள்ளி உப்பும் பூசிக் கேமராவுக்குள் வைப்பார்கள். நெகட்டிவ் எடுத்துத் தாளில் அச்சிட்டால் இடவலம் நேராகிவிடும். இங்கே நெகட்டிவே கிடையாது, ஒளி விழுந்த தகடே படம். அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் புரண்டு தெரியும். பெல்ட் வில்லையில் உள்ள எழுத்துகளும் திரும்பிக்கொள்ளும்.

இதை அறிந்த சில வீரர்கள் படம் பிடிக்கும்போது சாமான்களைப் பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சட்டையை என்ன செய்வது? ஆண்கள் கோட்டில் இடது விளிம்பு வலதின்மேல் படியும். அது மாறியிருந்தால் குட்டு வெளிப்பட்டது.

போர்க்களத்தில் வரைந்தவை வேறு சாதி. அன்றைய கேமராவுக்கு ஆள் அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் குதிரையும் புகையும் பென்சிலுக்கே வசப்பட்டன. ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்காகக் களத்தில் திரிந்த ஆல்ஃபிரட் வாட் வரைந்தவை பல இன்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இத்தகைய படங்களில் ஒருவரை முழுதாக வரைந்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களை நாலு கோட்டில் முடித்திருப்பார்கள். சோம்பல் இல்லை. படம் இதழ் அச்சாகும் நியூயார்க் போனதும் செதுக்குநர்கள் அதை மரக்கட்டையில் பெயர்ப்பார்கள். பெரிய கட்டையைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாய்ச் செதுக்குவதும் உண்டு. முழுதாக வரைந்த ஒருவர் மாதிரி. மற்றவர்களும் அப்படியே என்பது குறிப்பு. ஓரத்தில் எழுதியவையும் செதுக்குநர்களுக்குத்தான். அச்சில் வந்த படம் மூலத்திலிருந்து மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, பென்சில் காலத்தைச் சொல்லுமா? அநேகமாகச் சொல்லாது. கிராஃபைட்டோடு களிமண் குழைத்துச் சுடும் முறைக்கு 1795-இல் பிரெஞ்சுக்காரரான கோன்டே காப்புரிமை வாங்கியதிலிருந்து அடிப்படை அதேதான். அருகிலிருக்கும் வெள்ளைப் பூச்சு அதிகம் பேசும். ‘சைனீஸ் வொயிட்’ எனும் துத்தநாக வெள்ளையை வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஆங்கிலேய வண்ண நிறுவனம் 1834-இல் விற்கத் தொடங்கியது. புறஊதா ஒளியில் துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிரும். அப்படி ஒளிர்ந்தால் படம் அநேகமாக அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் படம் அதற்கு முந்தியதல்ல என்று மட்டும் சொல்லலாம். பழைய தாளைப் பத்தாண்டு கழித்தும் எடுத்து வரையலாமே.

கீழே எழுதிய பெயரை நான் கடைசியில்தான் நம்புவேன். பிற்காலத்தில் குடும்பத்தார் எழுதியதாகவும் இருக்கலாம். அகச்சிவப்புக் கேமராவில் இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் கலந்த அந்தக் கால மை மங்கி மறையும். கிராஃபைட் கரியாகவே நிற்கும். மையெழுத்துக்கு அடியில் ஓவியர் பென்சிலில் கிறுக்கியது ஏதேனும் இருந்தால் அப்போது மேலெழும்.