குடியை விட்ட மூன்றாம் நாள்

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அண்ணா கனகாலமாக ஒவ்வொரு நாளும் சாராயம் குடிக்கிறவர். வெருகல் திருவிழாவுக்கு விரதம் பிடிக்க வேணும் எண்டு ஒரே நாளில் விட்டார். அடுத்த நாளே கை நடுங்கினது. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊருது எண்டு கத்தினார். ஊரில் சாமிக் குற்றம் எண்டுகினம். நல்ல காரியம் செய்தவருக்கு ஏன் இப்படி?"

சாமிக்கு இதில் பங்கில்லை. மூளை இத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலை அன்றைக்கு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

மூளையில் நரம்புக் கலங்களைத் தூண்டிவிடும் இரசாயனம் குளுட்டமேட், அடக்கிவைக்கும் இரசாயனம் காபா. காபாவை ஏற்கும் வாங்கி மிக அழகான அமைப்பு. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துவாரத்தை விட்டிருக்கும். காபா வந்து ஒட்டியதும் துவாரம் திறக்கும், குளோரைட்டு அயன்கள் உள்ளே பாயும், கலம் அடங்கும். சாராயத்திலுள்ள மதுசாரம் இந்த அடக்கத்தை வலுவாக்குகிறது. கூடவே, குளுட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ என்ற வாங்கிகளை மந்தமாக்குகிறது. குடித்தவருக்குப் பதற்றம் போய்த் தூக்கம் வருவது இதனால்தான்.

தினமும் இப்படி அடக்கினால் மூளை சும்மா இருக்காது. காபா வாங்கிகளில் ஒரு பகுதியைக் கலத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மிஞ்சியவற்றில் புரதத் துண்டுகளையே மாற்றும்: அல்பா-1 என்ற துண்டு குறையும், அல்பா-4 என்ற துண்டு கூடும். மறுபுறம் என்எம்டிஏ வாங்கிகளைப் பெருக்கும். வள்ளத்தின் ஒரு பக்கத்தில் பாரம் ஏறினால் ஆட்கள் மற்றப் பக்கம் போய் இருப்பார்கள். வள்ளம் நேராக ஓடும். அந்தப் பாரத்தை ஒரே வீச்சில் கடலில் தள்ளிவிட்டால் ஆட்கள் இருந்த பக்கமே கவிழும். நெடுநாள் குடிப்பவர் அரைப் போத்தலுக்குப் பிறகும் நிதானமாகக் கதைப்பதற்கும், விட்ட மறுநாள் நடுங்குவதற்கும் காரணம் ஒன்றே.

மதுசாரம் சில மணித்தியாலங்களில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். வாங்கிகள் பழைய நிலைக்குத் திரும்ப நாட்களும் வாரங்களும் ஆகும். ஆபத்து இந்த இடைவெளியில்தான். 6 மணித்தியாலம் அளவில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாத பூச்சிகளையும் மிருகங்களையும் காண்பது. அந்த நிலையில் உயிரே போகலாம். அப்போது வேப்பிலை அடித்து, நூல் கட்டி ஓர் இரவைக் கடத்துவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. 1990ஐ அழைத்து அம்புலன்ஸில் ஏற்ற வேண்டிய நேரம் அது. வருடத்துக்கு வருடம் நேர்த்திக்காக விட்டு, பிறகு தொடங்குபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். திடீரென விடும் ஒவ்வொரு முறையும் அடுத்த முறையை மோசமாக்கக்கூடும்.

இதற்கான மருந்து பழையது, மலிவானது: டயசிபாம். அதே காபா வாங்கியில், காபா ஒட்டும் இடத்துக்கு அருகே வேறொரு பொந்தில் போய் இருந்து துவாரத்தை அடிக்கடி திறக்க வைக்கும். உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறும். ஈரல் அதை உடைத்தால் வரும் பொருளும் அதே வேலையை இன்னும் நீண்ட நேரம் செய்யும். குளிசையை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும்போது, மருந்து தானாகவும் இறங்கிக்கொண்டே போகிறது. மூளைக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. ஆனால் பாமசியில் தாமாக வாங்கிப் போடக்கூடாது. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஈரல் பழுதானவருக்கு வேறு மருந்து.

முன்பு வலிப்போ மனக்குழப்பமோ வராதவர், வேறு பெரிய வருத்தம் இல்லாதவர், குடிக்காத ஒருவர் வீட்டில் துணையாக இருக்கிறார் என்றால், ஊர் வைத்தியசாலை வைத்தியரே இதை நடத்தலாம். மற்றவர்களை மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளிலோ திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ காட்ட வேண்டும்.

இன்னொரு விடயம் விற்றமின் பி1. உடலில் அதன் கையிருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் போதும். குடி அதன் உறிஞ்சலையும் கெடுக்கும். குளுக்கோசை எரிக்க அது வேண்டும். "களைப்பாக் கிடக்கு, ஒரு சேலைன் ஏத்துங்கோ" என்று கேட்டுக் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருந்த பி1ம் தீர்ந்து கண் அசைவும் நடையும் நினைவும் கெடலாம். ஆகவே முதலில் பி1 ஊசி, பிறகுதான் குளுக்கோஸ்.

போதை ஒழிப்பு ஊர்வலங்களுக்கும் பதாகைகளுக்கும் செலவழிக்கும் காசில் ஒரு பகுதியையாவது கிராம வைத்தியசாலைகளில் தாதியருக்கும் ஆலோசகருக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். "கிழமைக்கு எத்தனை நாள் குடிப்பீர்கள்?" என்று ஓபிடியில் திட்டாமல் கேட்க ஒருவர் இருந்தாலே பலர் வாய் திறப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வைத்திருக்கிறது. நடுக்கம் அடங்கியபின் ஆசையைக் குறைக்க நல்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. மீண்டும் குடித்தாலும் மீண்டும் போகலாம். நீரிழிவு கூடினால் கிளினிக்குக்குப் போவது போல.

கறியில் களவாகக் கலந்துகொடுக்கும் 'குடி மறக்கும் தூள்' மட்டும் வேண்டாம். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், விடயம் தெரியாமல் குடிப்பவரின் இரத்தத்தில், மதுசாரம் உடையும்போது வரும் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து அவர் மயங்கி விழக்கூடும். வைத்தியருக்கும் என்ன நடந்ததென்று தெரியாது, கொடுத்தவர் சொன்னாலொழிய.