முட்டுச்சந்துகளை எண்ணிப் பார்த்தால்

கோத்தகிரியில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், கீழே அடுத்த லேஅவுட்டில் துணி காயப்போடும் அக்காவோடு பேசலாம். "சாப்பிட்டாச்சாக்கா?" என்றால் பதில் காதில் விழும். நேராக அளந்தால் 60 மீட்டர் இருக்கும். ஆனால் வண்டியில் போக, மேலேறி மெயின் ரோட்டைப் பிடித்து, ஒரு வளைவு சுற்றி மறுபடி இறங்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர், அதாவது 25 மடங்கு. மலை என்றால் அப்படித்தான் என்பார்கள். அது பாதிதான் உண்மை.

ஓர் ஊரின் தெருக்கள் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்று அளக்க எளிய வழி, தெருக்கள் கூடுகிற இடங்களை எண்ணுவது. முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. எல்லாவற்றுக்கும் சராசரி பார்த்தால் போதும். எண் குறையக் குறைய, ஊர் வலையாக இல்லாமல் மரம் மாதிரி கிளை விட்டிருக்கிறது என்று அர்த்தம். (தெருக்குத்து வீடு வேண்டாம் என்று வாஸ்து பார்க்கிறவர்கள் முட்டுச்சந்துக் கடைசி வீட்டையும் முச்சந்தி வீட்டையும் ஒரே மாதிரி ஒதுக்குவார்கள். கணக்கில் இரண்டும் வேறு வேறு.)

வலைக்கும் மரத்துக்கும் என்ன வித்தியாசம்? 3 வரிசை, வரிசைக்கு 3 சந்தி என்று 9 சந்திகளைக் கட்டம் போட்டு இணைத்தால் 12 தெருத்துண்டுகள் வரும். உள்ளே 4 கட்டங்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் ஒரு சுற்று. எந்தத் துண்டை அடைத்தாலும் வேறு வழி உண்டு. மதுரையில் கோயிலைச் சுற்றிய தெருக்கள் இந்த வகை. மாசி வீதியில் தேர் நின்றால் வெளி வீதி வழியாகப் போகலாம். அதே 9 சந்திகளை 8 துண்டுகளில் மரமாக இணைத்தால் சுற்றே கிடையாது. ஒன்றை அடைத்தால் அதற்கு அப்பால் இருப்பவர்கள் அங்கேயேதான்.

சரி, இது காலப்போக்கில் எப்படி மாறுகிறது? தெருவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கிறிஸ்டபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கத் தெருக்களின் வயதைக் கணிக்க, அதன் ஓரத்து வீடுகள் கட்டப்பட்ட ஆண்டுகளையும் பார்த்தார்கள். அங்கே புதுத் தெருக்களின் இணைப்பு 20ஆம் நூற்றாண்டில் குறைந்துகொண்டே போய், 1994 வாக்கில் அடிமட்டம் தொட்டு, பிறகு மெல்ல ஏறியது என்று 2015இல் எழுதினார்கள். உலகம் முழுக்கப் பார்த்த 2020 ஆய்வில் 1975க்குப் பிறகு முட்டுச்சந்துப் போக்கு பரவியிருந்தது.

இனி மலைக்கு வருவோம். சரிவின் குறுக்கே, உயரம் மாறாமல் ரோடு போடுவது சுலபம். மேலும் கீழும் இணைப்பதுதான் கஷ்டம். குன்னூருக்கு ஏறும் மலை ரயிலே 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால் பல்சக்கரம் வைத்துத்தான் ஏறுகிறது. ஆகவே படிக்கட்டும் ஒத்தையடிப் பாதையும் அந்த வேலையைச் செய்துவந்தன. நடப்பவர்களுக்கு ஊர் வலையாகவே இருந்தது.

அப்புறம் தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு சைட்டாக விற்கிறார்கள். விற்பவர் மெயின் ரோட்டிலிருந்து தன் நிலத்தின் கடைசி வரை ஒரே ரோடு போடுவார். பக்கத்துத் தோட்டக்காரர் அஞ்சு வருஷம் கழித்துத் தன் பங்குக்கு இன்னொன்று. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் யாராவது ஒரு சைட்டை விட்டுத்தர வேண்டும். யார் விடுவார்? கடைசியில் காம்பவுண்டுச் சுவர் எழும்பும், ஒத்தையடிப் பாதை கேட்டுக்குள் போய்விடும். என்னைக் கேட்டால் இது சரிவின் குற்றமில்லை, பத்திரத்தின் குற்றம். வீட்டை இடித்துக் கட்டலாம், கடை கை மாறலாம். ஆனால் தெருக்கோடு ஒருமுறை பட்டா எல்லையாகிவிட்டால் பேரப்பிள்ளை காலத்திலும் நகராது.

வேடிக்கை என்னவென்றால், மலையின் பெரிய ரோடுகளில் சுற்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் ஊட்டி போகலாம், கோத்தகிரி வழியாகவும் போகலாம். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரிக்குத் திருப்பிவிடுவார்கள். நண்பரின் லேஅவுட் முகப்பில் போன மழைக்கு ஒரு லோடு மண் விழுந்தது. அள்ளி முடிய ரெண்டு நாள். கீழ்வீட்டு அக்காதான் சுவர் மேல் ஏணி சாய்த்து பால் பாக்கெட் கொடுத்தார்.