பனித்தட்டு: ஒரு சொல்லும் ஒரு தகராறும்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்து, கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் போய் இருப்பது அங்குள்ள பென்சன்காரர்களின் வழக்கம். அந்தச் சபையில் ஒருவர் முந்திப் பௌதிகவியல் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு நாள், அந்தாட்டிக்காவில் பனிப்பாறைகள் உருகுகின்றன, கொழும்பு தாழப்போகிறது என்ற மாதிரியான பத்திரிகைத் தலைப்பு ஒன்றைப் பார்த்துவிட்டுச் சூடாக வந்திருந்தார்.

"தம்பி, கிளாசுக்குள்ள ஐஸ்கட்டி மிதக்குது. அது கரைஞ்சா தண்ணி வெளியால ஊத்துமே? ஆக்கிமிடீஸ் செத்து இரண்டாயிரத்து இருநூறு வருசம். பேப்பர்காரருக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லைப் போல."

பக்கத்தில் இருந்த ரீச்சர் அன்ரி விடவில்லை. "அப்ப விஞ்ஞானியள் எல்லாரும் விசரரே மாஸ்டர்?"

காலிப் பக்கம் போகிற கோச்சி வந்து பேச்சை அமத்தும்வரை இது நடந்தது. மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் எனக்கு வேறொன்றுதான் உறுத்தியது. மாஸ்டர் சொன்ன பௌதிகம் சரி. ரீச்சர் அன்ரியின் நம்பிக்கையும் சரி. பிழை அந்தப் 'பனிப்பாறை'யில் இருந்தது. உருகுவதாகச் செய்தி சொன்ன பொருள் ஒன்று, வாசித்தவர் மனத்தில் வந்து நின்றது வேறொன்று. டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, இமயமலையில் பின்வாங்குவதும் பனிப்பாறை, அந்தாட்டிக்காக் கரையில் உடைவதும் பனிப்பாறை என்று ஒரே சொல்லை மூன்றுக்கும் போட்டால் பென்சன்காரர் சண்டை பிடிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒரு பக்கம் நிலத்துப் பனியோடு ஒட்டியபடி கடலில் மிதக்கும் பெரும் பனிப்பரப்பை ஆங்கிலத்தில் 'ஐஸ் ஷெல்ஃப்' என்கிறார்கள். செய்தி சொன்னது அதைத்தான். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே இங்கே கேள்வி. அதற்கு முதல் பனியைப் பார்த்துவிட வேண்டும்.

பனி என்பது நமக்கு முதலில் குளிரும் ஈரமும்தான். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. "பனிக்குள்ள நிக்காதை, தடிமன் பிடிக்கும்" என்று அம்மா சொன்னபோது வானத்திலிருந்து வெள்ளையாக எதுவும் கொட்டிக்கொண்டிருக்கவில்லை. பனித்தல் என்றால் பழந்தமிழில் நடுங்குதலும் உண்டு. கண்கள் பனித்தன என்னும்போது அது ஈரம். ஆனாலும் மலையில் உறைந்து கிடக்கும் வெண்பனியைத் தமிழர் அறியாமல் இல்லை. புறநானூற்றின் 6ஆம் பாட்டில் காரிகிழார் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்கு வட எல்லை குறிக்கும்போது "வடாஅது பனிபடு நெடுவரை" என்கிறார். இமயம்தான் அது. இமயத்துக்குள்ளேயே வடமொழி 'ஹிம' இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களக்காரர் இன்றும் வெண்பனிக்கு அதே சொல்லைத்தான் சொல்கிறார். வானத்திலிருந்து கட்டியாக விழுவதற்கு ஆலி என்றொரு பழைய சொல் இருந்தது. ஆலங்கட்டியில் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

நீர் உறைந்து கல்லானதற்கு மட்டும் வழக்கில் ஒரு தனிச்சொல் நிலைக்கவில்லை. ஆகவே பனிக்கட்டி என்று ஒட்டிச் செய்துகொண்டோம். எழுத்தில் பனிக்கட்டி, வாயில் ஐஸ். பள்ளிக்கூட வாசலில் ஐஸ்பழம், பேலியகொடை மீன் சந்தையில் பெட்டிபெட்டியாக ஐஸ். இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துவிட்டது: கொழும்புப் பத்திரிகைகளில் 'ஐஸ்' என்று தலைப்பு வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை அது போதைப்பொருள். 'ஐஸ் ஷெல்ஃப் உடைந்தது' என்று அப்படியே போட்டால் பொலிஸ் செய்தி என்று நினைப்பார்கள். நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதற்கு வானிலை அறிவிப்பில் துகள் உறைபனி என்கிறார்கள். நல்ல சொல். இது பெரிய பொருள்களுக்கு உதவாது, ஆனால் கவனமாகச் செய்தால் தமிழில் வருகிறது என்பதற்குச் சாட்சி.

ஆங்கிலக்காரரும் ஒரே நாளில் சொல்லைக் கண்டுபிடித்துவிடவில்லை. 1841 சனவரியில் ஜேம்ஸ் கிளார்க் ரொஸ் கப்பலில் தெற்கே போகப்போக, கண்ணுக்கெட்டிய தூரம் நீளும் வெள்ளைச் சுவர் ஒன்று வழிமறித்தது. அவர் அதைத் தடுப்பு என்றே குறித்தார். கப்பல்காரன் பார்வை அது. எனக்கு வழிவிடாதது எதுவோ அது தடுப்பு. 1912இல் ஸ்கொட்டும் தோழர்களும் தென்துருவம் போய்த் திரும்பி வரும் வழியில் இறந்ததும் அந்தத் தடுப்பின் மேல்தான். அது நிலத்தில் இல்லை, கடலில் மிதக்கிறது, ஆனால் ஒரு பக்கம் நிலத்துப் பனியோடு ஒட்டியிருக்கிறது என்ற வடிவம் தெளிந்தபின் நிலைத்த பெயர்தான் 'ஷெல்ஃப்'. சுவரில் ஒரு விளிம்பு பொருந்தி, மறு விளிம்பு வெளியே நீண்டு நிற்கும் பலகை. ரொஸ் கண்டது இன்று அவர் பெயரில் இருக்கிறது. இருப்பவற்றுள் அதுவே பெரியது, ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையை ஏழு தடவை வைக்கலாம்.

இனித் தமிழ். கண்டத்தின் விளிம்பில் ஆழங்குறைந்த கடலுக்கடியில் கிடக்கும் நிலத்தை நாங்கள் புவியியலில் கண்டமேடை என்று படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் கண்டத்திட்டு என்கிறது. இரண்டும் அதே 'ஷெல்ஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான். எனவே பனிமேடை, பனித்திட்டு என்று செய்துகொள்ளச் சிலருக்குக் கை வரும். எனக்குச் சம்மதமில்லை. மேடை தரையில் நிற்பது. திட்டு நீருக்குள்ளிருந்து எழுந்த மேடு. தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை, அடி கடற்றரையில் இருக்கும். நம் பொருளுக்கோ அடியில் வெறும் கடல்.

பனி அடுக்கு என்றும் எழுதுகிறார்கள். அடுக்கு என்றால் ஒன்றின்மேல் ஒன்று. வெள்ளவத்தைக்காரனுக்கு அடுக்கு என்றதும் அடுக்குமாடிதான் வரும். பல்லாயிரம் ஆண்டுப் பனி படைபடையாக இறுகியது உண்மைதான், ஆனால் பெயர் சொல்ல வேண்டியது அதை அல்ல. பனித்தெப்பம் அழகாக இருக்கிறது, மிதக்கவும் செய்கிறது. ஆனால் தெப்பத்துக்குக் கரையோடு ஒட்டு இல்லை. உடைந்து தனியே அலைவதற்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது பனித்தட்டு. புத்தகத் தட்டு, சாமித் தட்டு என்று வீட்டிலேயே இருக்கும் சொல். றாக்கை என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கும் தட்டு தெரியும். ஒரு விளிம்பு பிடிமானம், மறு விளிம்பு வெளி. சாப்பிடும் தட்டோடு குழம்பாதா என்று தமிழ்நாட்டு நண்பர் கேட்டார். அது உங்கள் பாடு, எங்களுக்கு அது கோப்பை என்றேன்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக இடம் பிடிக்கும். நிலத்தின் மேல் கண்ட அளவில் படர்ந்து கிடப்பது பனிவிரிப்பு. அதிலிருந்து கடலை நோக்கி மெல்ல ஒழுகுவது பனியாறு. நாங்கள் படித்த பனிக்கட்டியாறும் அதுவே. ஆறு என்ற சொல்லைப் பிடித்தவர் யாரென்றாலும் கும்பிட வேண்டும், பாறை ஓடாது. ஆற்றின் நுனி கடலில் ஏறி மிதக்கத் தொடங்கியபின் அது பனித்தட்டு. தட்டின் விளிம்பு உடைந்து அலைந்தால் பனிமலை. பழக்கத்துக்காகப் பனிப்பாறை என்பதை இதற்கு மட்டும் விட்டுவைக்கலாம். கடல்நீரே குளிரில் உறைந்து ஆண்டுதோறும் வளர்ந்து தேயும் மெல்லிய படலம் கடற்பனி. அது வேறு, பனித்தட்டு வேறு. 2014வரை அந்தாட்டிக்காவைச் சுற்றிக் கடற்பனி கூடிக்கொண்டு போனதைக் காட்டி 'அங்கே பனி வளர்கிறது' என்று வாதாடியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பிறகு அது சரிந்து 2023இல் என்றுமில்லாத அளவுக்குக் குறைந்தபோது, 'தட்டுகள் உருகிவிட்டன' என்று எதிர்த்தரப்பில் சிலர் எழுதினார்கள். அதுவும் அதே குழப்பம்.

நிலத்தில் கிடந்த பனி மிதக்கத் தொடங்கும் எல்லைக்கு ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து நிலைக்கோடு என்று எழுதியிருந்ததைக் கண்டேன், ஒன்றும் விளங்கவில்லை. கடலோடிகளிடம் சொல் இருக்கிறது: தரைதட்டுதல். வள்ளம் தரைதட்டியது, கப்பல் தரைதட்டியது. அப்படியே தரைதட்டுக் கோடு. இந்தச் சொல் பனிமலைக்கும் பொருந்தும். 1986இல் பில்ச்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ-23ஏ என்ற பனிமலை, அந்தாட்டிக்காவை ஒட்டிய வெடல் கடலில் தரைதட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

மாஸ்டருக்குப் பதில் இப்போது சொல்லலாம். பனித்தட்டு ஏற்கெனவே மிதக்கிறது. தன் நிறைக்குச் சமமான கடல்நீரை இடம்பெயர்த்துவிட்டது. அது கரைந்தால் கடல் மட்டம் ஏறாது. சரியாகச் சொன்னால் ஒரு மயிரிழை ஏறும், ஏனென்றால் உருகி வருவது நன்னீர், கடலில் இருப்பதோ அதைவிட அடர்த்தியான உப்புநீர். ஆனால் தட்டின் வேலை வேறு. அது இரு பக்கக் கரைகளிலும், அடியில் தட்டுப்படும் மேடுகளிலும் உரசிக்கொண்டு நிற்கிறது. அந்த உரசல் பின்னால் வரும் பனியாற்றுக்கு முட்டுக்கொடுக்கிறது. முட்டுக்கொடுத்த மரத்தை எடுத்தால் மதில் என்ன செய்யுமோ அதைத்தான் பனியாறும் செய்கிறது. 2002இல் லார்சன் பி என்ற தட்டில் 3,250 சதுர கிலோமீற்றர், அதாவது கொழும்பு மாவட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல், ஏறத்தாழ ஐந்து வாரத்தில் நொறுங்கிப்போயிற்று. அன்று கடல் ஏறவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதன் பின்னால் இருந்த சில பனியாறுகளின் வேகம் பல மடங்காகியது. நிலத்தில் கிடந்த அந்தப் பனி கடலுக்கு வந்தபோதுதான் கணக்கு மாறுகிறது. கிளாஸுக்குள் புதிதாக ஐஸ்கட்டி போடுவது அது.

எல்லாத் தட்டும் மெலிகிறது என்று எழுதுவதும் பிழை. 1997 முதல் 2021 வரை செய்மதியால் அளந்த 162 தட்டுகளில் 71 நிறை இழந்தன. கிழக்கே பல அப்படியே இருந்தன அல்லது தடித்தன. இழப்பு பெரும்பாலும் மேற்கில், அங்கே ஆழத்திலிருந்து ஏறி வரும் வெப்பமான நீர் தட்டை அடியால் தின்கிறது. மேலே வெயிலில் உருகும் என்று நாம் நினைக்கிறோம், நம் ஊர்ப் பழக்கம். மேற்கில் உள்ள துவைற்ஸ் என்ற ஒரு பனியாறு முழுதும் போனாலே உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் உயரும். காலநிலைக்கான அரசுகளிடைக் குழு 2021இல் 2100க்குச் சொன்ன வீச்சு 28 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் சொச்சம். உமிழ்வு மிகக் கூடினால் 2 மீற்றரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்று சேர்த்திருந்தது. அந்தச் சேர்க்கைக்குக் காரணம் இந்தத் தட்டுகளும் அவற்றின் பின்னால் உள்ளவையுமே. கொள்கை வகுப்பவர்கள் மதிலை எவ்வளவு உயரம் கட்டுவது என்று கேட்கும்போது விஞ்ஞானிகள் ஒற்றை எண்ணைக் கொடுக்காமல் இழுப்பது இதனால்தான்.

பொத்துவிலில் இருந்து நேர் தெற்கே நூல் பிடித்தால் இடையில் ஒரு தீவும் தட்டுப்படாமல் அந்தாட்டிக்காவின் 'மேற்குப் பனித்தட்டு' என்பதில் போய் முட்டும் (பெயர்தான் மேற்கு, இருப்பது கிழக்கு அந்தாட்டிக்காவில்). அவ்வளவு தூரத்துப் பனி நமக்கென்ன என்று கேட்கலாம். தூரம்தான் வினை. பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் அதன் அருகே கடல் தாழ்ந்து, தொலைவில் சராசரிக்கும் மேலாக உயரும்.

கொள்கைச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பருவநிலை மாற்றம் என்று கண்டால் நாம் காலநிலை மாற்றம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. பருவம் ஆண்டுக்குள் மாறுவது, மாறத்தான் வேண்டும். உமிழ்வைக் குறைப்பது தணிப்பு. வருவதற்கேற்ப நம்மை மாற்றிக்கொள்வதற்கு உயிரியலில் படித்த இசைவாக்கம் போதும். பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று 2021இல் எழுதிக் கொடுத்தது. "எங்கட நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையப் புகையிலயே அந்தாட்டிக்கா கரையுது?" என்று சபையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அது தணிப்பைப் பற்றியது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய, நாங்கள் இருந்த கருங்கல் வரிசை இசைவாக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் முடிவு வராது.

மறுநாள் பின்னேரம் தலைப்பைத் திருத்தி எழுதிக்கொண்டு போய் மாஸ்டரிடம் காட்டினேன்: பனித்தட்டு உடைகிறது, பனியாறு வேகமெடுக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசித்தார்.

"தட்டு எண்டா கீழால ஒரு தாங்கு வேணுமே தம்பி. இதுக்கு எங்கை தாங்கு?"

"கடல்தான் மாஸ்டர். மேலுதைப்பு."

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆக்கிமிடீஸ்தான் தாங்கிக்கொண்டு நிக்கிறார் எண்டு சொல்லு," என்று கடதாசியை மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.